நடந்தா சரியாயிடுமா?

நம் ஊரில் எந்த வியாதிக்கும் இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, டாக்டர் எழுதிக் கொடுப்பது. இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி சொல்வது. முதலாவதுக்கு ஃபீஸ் உண்டு. இரண்டாவது இலவசம். இலவசம் என்பதால் கேட்காமலே கிடைக்கும்.

இந்த இலவச வைத்தியத்தில் இன்றைய தேதிக்கு நம்பர் ஒன் மருந்து வாக்கிங். சர்க்கரையா? நடங்க. பிரஷரா? நடங்க. தூக்கம் வரலையா? நடங்க. மனசு சரியில்லையா? செருப்பை மாட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. திருச்சியில் காலை ஐந்தரை மணிக்கு அண்ணா ஸ்டேடியம் பக்கமோ, உய்யக்கொண்டான் கரைப் பக்கமோ, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கமோ போய்ப் பாருங்கள். ஒரு பாதி ஜனம் நடந்துகொண்டிருக்கும். மறு பாதி நடந்து முடித்துவிட்டு, மற்றவர்கள் ஏன் நடக்க வேண்டும் என்று டீக்கடையில் விளக்கிக்கொண்டிருக்கும்.

தப்பில்லை. நடை நல்லதுதான். 2023 நவம்பர் 4-ம் தேதி தமிழக அரசே 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு மாவட்டம் எட்டு கிலோமீட்டர் பாதை போட்டுக் கொடுத்தது. எட்டு கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட பத்தாயிரம் ஸ்டெப். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி இடுப்பில் மாட்டும் ஸ்டெப் மீட்டர் ஒன்றை விற்றது. அதற்கு வைத்த பெயர் 'மன்போ கெய்'. அர்த்தம், பத்தாயிரம் அடி மீட்டர். பெயர் கவர்ச்சியாக இருந்தது, ஒட்டிக்கொண்டது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துச் சொச்சம் பெண்களின் நடையை எண்ணிப் பார்த்தார்கள். நாளுக்கு 4,400 ஸ்டெப் நடந்தவர்களிடமே மரண விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் நடந்ததால் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. பத்தாயிரம் என்பது வேத வாக்கு இல்லை, விளம்பர வாக்கு. அது போகட்டும்.

என் சண்டை நடையோடு இல்லை. 'நடந்தா எல்லாம் சரியாயிடும்' என்கிற அந்த 'எல்லாம்' என்ற சொல்லோடுதான் சண்டை. ஏனென்றால் நடக்க நடக்க மோசமாகிற வியாதி ஒன்று இருக்கிறது. அது உங்கள் தெருவிலேயே யாருக்காவது இருக்கலாம். உங்கள் வீட்டிலேயேகூட இருக்கலாம். நீங்கள் அவரைச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

அதற்கு க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம் என்று 1988-ல் அமெரிக்காவின் சி.டி.சி. பெயர் வைத்தது. தமிழில் சொன்னால் நாள்பட்ட களைப்பு நோய். இதைவிட மோசமான பெயரை யாராலும் வைத்திருக்க முடியாது. மாரடைப்புக்கு 'நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும் நோய்' என்று பெயர் வைத்தால் யாராவது ஆம்புலன்ஸ் அனுப்புவார்களா? 'களைப்பு' என்றதும் கேட்கிறவர் சொல்லும் முதல் வாக்கியம்: "எனக்கும்தான் டயர்டா இருக்கு." உங்களுக்கு இருப்பது ராத்திரி தூங்கினால் போய்விடும் சார். இது தூங்கி எழுந்தாலும் போகாது.

2015-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் இதற்குத் தெளிவான அடையாளங்கள் கொடுத்தது. முன்பு செய்த வேலைகளைச் செய்யவிடாமல், ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிற அசதி. தூங்கினாலும் தெளியாத உடம்பு. இவற்றோடு, மூளை மந்தமாவது அல்லது நிமிர்ந்து நின்றாலே தலை சுற்றிப் படபடப்பது, இரண்டில் ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது, உழைப்புக்குப் பின் வருகிற சரிவு. உடம்பாலோ மூளையாலோ ஒரு வேலை செய்கிறீர்கள். அப்போது ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடும். அந்தச் சரிவு ஒரு நாள் இருக்கலாம், ஒரு வாரம் இருக்கலாம், சிலருக்கு மாதக்கணக்கிலும் போகும். நோயாளிகளில் குறைந்தது கால்வாசிப் பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் வீட்டோடோ படுக்கையோடோ முடங்கியவர்கள். சாதாரண ப்ளட் டெஸ்ட் எடுத்தால் பெரும்பாலும் எல்லாம் நார்மல். அங்கேதான் வினை. ரிப்போர்ட் நார்மல் என்றால் ஆள் நார்மல் என்று ஆகிவிடுகிறது.

நான் படித்தது பி.காம். மருத்துவம் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். எனக்குப் புரிந்த பாஷையில் இது கந்துவட்டி. வாங்குகிற அன்றைக்கு அவன் சிரித்துக்கொண்டேதான் கொடுப்பான். மூன்றாம் நாள் வாசலில் வந்து நிற்பான், அசலைப்போலப் பல மடங்கு கேட்டு. அநியாய வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே போட்டார்கள். உடம்பு வாங்கும் கந்துவட்டிக்கு எந்த போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

மேலச் சித்திரை வீதியில் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் இருக்கிறார். 2021 கொரோனா இரண்டாவது அலையில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்குக்கூட இல்லை, பத்து நாளில் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் பழைய டீச்சராகவில்லை. ஒரு பீரியட் நின்று பாடம் எடுத்தால் மறுநாள் லீவு. எதிர்வீட்டு மாமா, நல்லவர், அக்கறையாகத்தான் சொன்னார்: "படுத்துண்டே இருந்தா உடம்பு துரு பிடிச்சுடும் டீச்சர். கார்த்தால எழுந்து நாலு வீதியும் ஒரு சுத்து சுத்துங்கோ. எல்லாம் பறந்து போயிடும்." பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

டீச்சர் கெட்டிக்கார மாணவியும்கூட. சுற்றினார். முதல் நாள் சந்தோஷமாக இருந்ததாம். இரண்டாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். மூன்றாம் நாளும் போனார். நான்காம் நாள் பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். அந்தப் படுக்கை ஏழு வாரம்.

"வில் பவர் இல்லை" என்றார்கள். இவருக்கு இருந்த வியாதிக்கு வில் பவர்தான் விஷம். இல்லாதவராக இருந்திருந்தால் முதல் நாளோடு நிறுத்திப் பிழைத்திருப்பார்.

எதிர்வீட்டு மாமாவைக் குறை சொல்லிப் பயனில்லை. உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனில் 'பேஸ்' என்றொரு ஆராய்ச்சி நடந்தது. 641 நோயாளிகள், சுமார் ஐம்பது லட்சம் பவுண்டு செலவு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, உடல்நலமில்லாதவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிற அரசுத் துறையிலிருந்தே வந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவினருக்குக் கவுன்சலிங், இன்னொரு பிரிவினருக்குப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகிற உடற்பயிற்சி. பெரும்பாலும் நடை. 2011-ல் லான்செட் பத்திரிகையில் முடிவு வந்தது, இவை இரண்டும் பலன் தருகின்றன என்று. 2013-ல் இன்னும் ஒரு படி மேலே போய், இந்த இரண்டு பிரிவிலும் நூற்றுக்கு 22 பேர் 'குணமடைந்தார்கள்' என்றார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

இப்போது கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். உடல் இயக்கத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். 65-ம் அதற்குக் கீழும் எடுத்தவர்தான் 'நோயாளி' என்று ஆராய்ச்சியில் சேர முடியும். குணமானார் என்று சொல்ல 85 எடுக்க வேண்டும் என்பது முதலில் எழுதிவைத்த விதி. பிறகு அதை 60 ஆக்கிவிட்டார்கள். 65-ல் நோயாளி, 60-ல் குணம்! உள்ளே வந்ததைவிட ஐந்து மார்க் குறைந்து வெளியே போனாலும், அந்த அளவுகோலில் அவர் தேறியவர். பி.காமில் எங்களுக்கு விண்டோ டிரஸ்ஸிங் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். நஷ்டக் கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டை லாபம்போல் ஜோடிப்பது. அன்றைக்கு இந்த உதாரணம் கிடைத்திருந்தால் வாத்தியார் சந்தோஷப்பட்டிருப்பார்.

இதைக் கண்டுபிடித்தது யார்? படுத்துக்கிடந்த நோயாளிகள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நோயாளி தகவல் உரிமைச் சட்டப்படி புள்ளிவிவரம் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. 2016-ல் பிரிட்டிஷ் தீர்ப்பாயம் 'கொடு' என்றது. பழைய விதிப்படி மறுபடி கணக்குப் போட்டால், 22 சதவிகிதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. எந்தச் சிறப்புப் பயிற்சியும் இல்லாத பிரிவுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. ஆராய்ச்சி செய்தவர்கள் தங்கள் முடிவு சரிதான் என்கிறார்கள். சொல்லட்டும்.

நடைக்கு வருவோம். அந்த ஆராய்ச்சியிலேயே ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். உடற்பயிற்சிப் பிரிவின் சராசரி ஆரம்பத்தில் 312 மீட்டர், ஒரு வருடம் கழித்து 379 மீட்டர். ஆரோக்கியமான ஒருவர் ஆறு நிமிடத்தில் ஐந்நூறு அறுநூறு மீட்டர் சாதாரணமாகப் போவார். ஒரு வருடப் பயிற்சிக்கு 67 மீட்டர். ஏழெட்டு வீட்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நம்பித்தான் பல வருடங்கள் நோயாளிகளிடம் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொன்னார்கள். 2007-ல் இந்தப் படிப்படிப் பயிற்சியைச் சிபாரிசு செய்த பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு, 2021 அக்டோபர் 29 அன்று வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அதைத் தூக்கிவிட்டது. வாரத்துக்கு இவ்வளவு கூட்ட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்த எந்தப் பயிற்சியையும் கொடுக்காதே என்று எழுதியது. 2024-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஆம்ஸ்டர்டாமில் நீண்டகாலக் கொரோனா நோயாளிகளின் தசையைத் துளி எடுத்துப் பார்த்தார்கள். கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு தசையில் சேதம் கூடியிருந்தது. துரு இல்லை மாமா, காயம்.

இந்த 'மனசுதான் காரணம்' கதைக்கு வயது அதிகம். 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் 292 ஊழியர்கள் இப்படி விழுந்தார்கள். எம்.இ. என்கிற பெயர் அதையொட்டி வந்ததுதான். பதினைந்து வருடம் கழித்து, 1970-ல், இரண்டு மனநல மருத்துவர்கள் அது ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயாளிகளைப் பார்த்து அல்ல, பழைய ஃபைல்களைப் புரட்டி. பாதிக்கப்பட்டவர்களில் அதிகம் பேர் பெண்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். பொம்பளைன்னா நடிப்பு. லண்டனாக இருந்தால் என்ன, லால்குடியாக இருந்தால் என்ன?

நம் ஊர் பெண்களைப் பற்றி இன்னொரு விஷயம். 2005-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 18 முதல் 50 வயதுவரையுள்ள பெண்களிடம் கேட்டபோது, நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் ஆறு மாதத்துக்கு மேலாக அசதி என்றார்கள். அது முழுவதும் இந்த நோய் இல்லை. வறுமை, மன உளைச்சல், வீட்டில் படும் அவஸ்தை என்று பலதும் சேர்ந்தது. அதனால் அசதி என்றதும் இந்தப் பெயரை ஒட்டிக்கொள்ளாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது எல்லாவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் பெண்களுக்கு ரத்தசோகை. அதற்கு மருந்து இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவருக்கு நடை நிஜமாகவே உதவும். நடந்த மறுநாள் என்ன ஆகிறது என்று கேட்டால் பெரும்பாலும் வித்தியாசம் தெரிந்துவிடும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒரு நிமிடம் போதும். எத்தனை டாக்டர்கள் கேட்கிறார்கள்?

"அப்போ படுத்தே கிடக்கணுமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. படுத்தே கிடந்தால் தசை கரையும், எலும்பு இளைக்கும், மனசு சோரும். ஆகவே முடிந்தவர்கள் நகரத்தான் வேண்டும். ஆனால் வரவுக்குள் செலவு. இருப்பு என்ன என்று தெரிந்துகொண்டு, அதில் மிச்சம் வைத்து நடப்பது. நல்ல நாளில் எவ்வளவு முடிகிறது என்பது இருப்பு இல்லை. மோசமான நாளிலும் மறுநாள் விழாமல் செய்ய முடிகிற அளவுதான் இருப்பு.

டீச்சர் அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை காலண்டரைச் சுவரில் திருப்பி மாட்டிவிட்டு. முதலில் படுக்கையிலிருந்து ரேழி. அதை மூன்று வாரம் அப்படியே வைத்திருந்தார், கூட்டவில்லை. பிறகு வாசல். பிறகு நான்கு வீடு தள்ளி இருக்கும் கம்பம். வீதி முனைக்குப் போய்ச் சேர ஏழு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு சாதாரண ஜுரம் வந்து மறுபடி ரேழியில் கொண்டுபோய் விட்டது. அழவில்லை, கணக்கைத் திருத்திக்கொண்டார்.

அவர் சொன்ன ஒரு சங்கதி எனக்குத் தோன்றியிருக்காது. ஸ்ரீரங்கத்து வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகப் போகின்றன. உள்ளே உத்திர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான். சுற்றி வருகிறவருக்குப் பாதி வழியில் முடியாமல் போனால் திரும்பினாலும் பாதி, போனாலும் பாதி. அதனால் இந்த நோய்க்காரர்கள் வீதியைச் சுற்றக் கூடாதாம். வாசலிலிருந்து நேராகப் போய் நேராகத் திரும்ப வேண்டும். எந்த இடத்தில் நின்றாலும் வீடு எவ்வளவு தூரம் என்று தெரியும். பிரதட்சிணம் பெருமாளுக்கு, உடம்புக்கு இல்லை என்றார்.

நிற்பதும் செலவுதான் என்பதும் அவர் சொன்னது. பலருக்கு நடப்பதைவிட நிற்பது கஷ்டம். ரேஷன் கடை வரிசை, தரிசன வரிசை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்குக் காத்திருப்பது, எல்லாம் பற்றில் எழுத வேண்டியவை. திருச்சி வெயில் தனி வட்டி. ஒரு வருடம் வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசலுக்குப் போய்விட்டு வந்தார். "பெருமாளைச் சேவிக்க மட்டும் உடம்பு வருதாக்கும்" என்றார்கள் வீட்டில். போனதைப் பார்த்தவர்கள் நூறு பேர். அதற்குப் பிறகு அவர் பதினோரு நாள் இருட்டறையில் கிடந்ததைப் பார்த்தது அவர் மகள் ஒருத்திதான்.

வீட்டுக்காரர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். டாக்டர் "நடக்கிறீங்களா?" என்று கேட்கும்போது இந்தப் பெண்கள் "இல்லை" என்கிறார்கள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டது, அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நூறு தடவை போனது, மொட்டை மாடியில் துணி உலர்த்தியது, இவை நடையில் சேராதா? உங்கள் ஃபோனில் ஸ்டெப் எண்ணுகிற ஆப், அவர் சமையலறை மேடையில் ஃபோனை வைத்துவிட்டு நடந்ததை எண்ணவே இல்லை. ஏற்கெனவே ஓவர்டிராஃப்டில் இருக்கிற கணக்கில் 'வாக்கிங்' என்று இன்னொரு செலவை எழுதினால் என்ன ஆகும்? அவர் பத்து நிமிடம் நடக்க வேண்டுமானால் பத்து நிமிட வேலையை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். டீச்சர் வீதி முனையை எட்டியது, அவர் கணவர் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்த பிறகுதான். இதைப் பிரசுரிக்கக் கூடாது என்று கணவர் கேட்டுக்கொண்டார். பெயரைத்தான் போடவில்லையே!

அரசாங்கத்துக்கும் ஒன்று உண்டு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகளை வீட்டுக்கே அனுப்பினார்கள். அருமையான யோசனை. ஆனால் வீடு தேடி வருகிறவருக்கு இந்த நோயின் சரிவு பற்றித் தெரியாவிட்டால், ஆபத்தும் வீடு தேடி வந்த மாதிரிதான். அரை நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய விஷயம் இது.

கடைசியாக, திருச்சி மாநகராட்சிக்கு. 1994-ல் ஸ்ரீரங்கத்தை உங்களோடு சேர்த்துக்கொண்டீர்கள். அப்போது வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. யாரும் யாரையும் கேட்காமல் உட்காரலாம். இப்போது பாதி இடத்தில் திண்ணையை இடித்துக் கடை, மீதி இடத்தில் கம்பி கேட். எட்டு கிலோமீட்டர் நடக்கிறவர்களுக்குப் பாதை போட்டாயிற்று. எண்பது மீட்டர் நடக்கிறவர்களுக்கு உட்கார ஒரு இடம் வேண்டாமா? சாய்மானத்தோடு, நிழலில், நூறு மீட்டருக்கு ஒரு பெஞ்சு. வயசானவர்களும், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களும், முட்டிவலிக்காரர்களும் சேர்ந்து உட்காருவார்கள். டெண்டர் விட்டுப் பெரிதாகச் செலவாகிற காரியமும் இல்லை.

இப்போதைக்கு டீச்சருக்கு நடுவழியில் கிடைத்திருப்பது பூட்டிய கடையொன்றின் படிக்கட்டு. கடைக்காரர் ஒன்பது மணிக்குத் திறந்துவிடுவார். அதற்குள் அவர் உட்கார்ந்து எழுந்து, வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.